பெஹாலாவில் புத்தகத்தைத் தொடக்கூடாத நாள்

ஹவுரா ஸ்டேஷனில் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு ஒரு போர்ட்டரின் வசவு. என் இரண்டு தகரப் பெட்டிகளில் ஒன்றைத் தலையில் ஏற்றியவர், ஏற்றிய வேகத்திலேயே இறக்கிவைத்துவிட்டு இந்தியில் என்னவோ கத்தினார். பக்கத்தில் நின்ற பயணி மொழிபெயர்த்தார். "உள்ளே என்ன, அம்மிக்கல்லா என்று கேட்கிறார்." புத்தகம் என்றேன். அதையும் சொன்னார். பதில் உடனே வந்தது. "அதற்கு அம்மிக்கல்லே தேவலையாம்."

நான் புத்தக ஏஜெண்ட். திருநெல்வேலி ஜில்லாவில் நான் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் கிடையாது. அரிச்சுவடி, அகராதி, இலக்கணச் சுருக்கம், விடுகதை, கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்த கதைகள் என்று மொழியும் வாசிப்பும் சம்பந்தப்பட்ட எதையும் விற்பேன். மூன்று வயதோ தொண்ணூறு வயதோ, ஆளின் முகத்தைப் பார்த்தே இவருக்கு இன்ன புத்தகம்தான் வேண்டும் என்று சொல்லிவிடுவேன் என்பது என் பீற்றல். அந்தப் பீற்றல் கல்கத்தாவில் கிழிந்து தொங்கியது. தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு தை மாதத்தில் நடந்த கூத்து இது.

கூப்பிட்டது பேச்சியக்கா. என் பெரியம்மா மகள். பதினேழு வயதில் கல்யாணமாகி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அத்தானோடு பெஹாலாவுக்குப் போனவள். முப்பது வருடம் ஆகிவிட்டது. எங்கள் தெரு மருந்துக்கடைக்கு போன் போட்டு என்னை வரவழைத்துப் பேசினாள். "ஏல மாரி, இங்க நம்ம தமிழ் ஆளுக சங்கத்துல லைப்ரரி தொறக்காவ. என்னையத்தான் பொறுப்பாப் போட்டிருக்காவ. எல்லா வயசுக்கும் புத்தகம் வேணுமாம். நீயே கொண்டுட்டு வா." நான் யோசிக்கிறேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "மீன்கொழம்பு வச்சித் தாரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நான் விழுந்துவிட்டேன்.

மஞ்சள் டாக்ஸியின் டிக்கியில் பெட்டிகள் அடங்கவில்லை. கயிறு போட்டுக் கட்டி, ஒவ்வொரு பள்ளத்திலும், ஸ்டேஷனுக்கு வந்திருந்த அத்தானும் நானும் திரும்பிப் பார்த்துக்கொண்டே பெஹாலா வந்து சேர்ந்தோம். வந்ததும் வராததுமாக அக்கா என்னை மீன் சந்தைக்கு இழுத்துப் போனாள். மீன்காரர் தரையில் உட்கார்ந்து, காலால் அழுத்திப் பிடித்த பெரிய அரிவாள்மணையில் ஆள் நீள மீனை அறுத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் வங்காளத்தில் போட்ட சண்டையைப் பார்க்க வேண்டுமே! சுற்றி நின்றவர்கள் தங்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் மீன்காரரே சிரித்துக்கொண்டு, "பௌதி, தலையையும் எடுத்துக்கொண்டு போ, ஆளை விடு" என்றார். பௌதி என்றால் அண்ணி. அந்தச் சந்தைக்கே அவள் அண்ணிதான்.

குழம்பு கடுகெண்ணெயில் கொதித்தது. அந்த வாடை மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. ஆனால் உள்ளே நம் ஊர்ப் புளியும் இருந்தது. மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் சங்கச் செயலாளர் துரைசாமி சார் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். வங்கி அதிகாரி. மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "புதன்கிழமை தொறந்துபோடலாமுங்க. எல்லாத்துக்கும் லீவு. சரஸ்வதி பூஜையாமுங்க" என்றார்.

"தை மாசத்துலயா? நமக்குப் புரட்டாசியிலேயே முடிஞ்சு போச்சே!"

"அதத்தானுங்க நானுங் கேட்டேன். இவங்களுக்கு எல்லாமே தனி."

இருவரும் சிரித்தோம். அது ஏதோ அரசு விடுமுறை என்பதற்கு மேல் எங்கள் இருவர் மண்டையிலும் ஒன்றும் ஏறவில்லை. வயிற்றுப் பிழைப்பே புத்தகமாக இருக்கிற எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

செயலாளர் நிகழ்ச்சியை விவரித்தார். சிறப்பு விருந்தினர் நாடா வெட்டுவார். பிறகு அக்கா இருபது புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, பெயரைப் படித்துச் சொல்லி, அலமாரியில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். "நல்லா இருக்குமுங்களா அக்கா?" அக்கா சிரித்தாள். டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள். போனவள் டீயோடு வர ரொம்ப நேரம் ஆனது. நானோ செயலாளரிடம் அகராதியின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் மைதானத்தில் நடந்த புத்தகக் கண்காட்சிக்குக் கிளம்பினேன். மினிபஸ் கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு, பஸ்ஸின் தகரத்தைப் படார் படாரென்று அடித்து ஊர்ப் பெயர்களைக் கூவினார். கூட்டம் என்னை உள்ளே ஏற்றியது. அதே கூட்டம் அரை மணி கழித்து என்னைக் கீழே இறக்கியது. இறங்கிப் பார்த்தால் டாலிகஞ்ச். மைதானம் இருப்பது வேறு திசை. ஒரு பழக்கடைக்காரர், என் முழியைப் பார்த்து இரக்கப்பட்டு, மெட்ரோவில் போ என்று கையைக் காட்டினார். பூமிக்கடியில் அவ்வளவு சுத்தமான ரயிலில் ஏறியதும் பஸ்காரர் மேலிருந்த கோபம் போய்விட்டது.

கண்காட்சியைப் பார்த்து எனக்கு வந்தது பொறாமை. சுத்தமான பொறாமை. நம் ஊரில் சினிமா டிக்கெட்டுக்கு நிற்கிற மாதிரி, புழுதிக்குள் ஜனங்கள் புத்தகக் கடை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கையில் மீன் வறுவல், இன்னொரு கையில் புத்தகப் பை. குழந்தையைத் தோளில் வைத்த அப்பன், அதற்கு ஒன்று, தனக்கு ஒன்று, வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு ஒன்று என்று வாங்குகிறான்.

ஒரு கடையில் குரங்குக் குல்லாய் போட்ட பெரியவர் ஒருவர், குழந்தைகள் பாட்டுப் புத்தகத்தை நின்றவாக்கிலேயே வாசித்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தேன். "பேத்திக்கா?"

"கடைக்காரரிடம் அப்படித்தான் சொல்லுவேன்" என்றார். "எனக்குப் பேத்தியே கிடையாது."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தேன். அத்தானும் சிரித்தார். அக்கா மட்டும், "அந்த மனுசனுக்கு வெக்கமா இருக்காதாலே? இந்த வயசுல சின்னப்புள்ளைக புத்தகத்தக் கையில வச்சிக்கிட்டு?" என்று கேட்டாள்.

"அதுல என்னக்கா வெக்கம்?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை தெருமுனையில் இலந்தைப்பழம் விற்றது. வாங்கி, நடந்துகொண்டே தின்றேன். பக்கத்து வீட்டு மீனு எதிரே வந்தார். அக்காவுக்கு இருபது வருடத் தோழி, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் கையைப் பார்த்ததும் நடுத்தெருவில் போட்டாரே ஒரு சத்தம்! அக்கா மாடியிலிருந்து விளக்கம் சொன்னாள். "பூசைக்கு முந்தி இலந்தப்பழம் திங்கப்பிடாதாம்லே. சரசொதி கோவிச்சிக்கிடுவாளாம். பரிச்சையில பெயிலாப் போவியாம்."

"எனக்கு நாப்பது வயசுக்கா! எந்தப் பரிச்சை?"

மீனுவிடம் அதை வங்காளத்தில் சொன்னாள். மீனு சிரிக்கவில்லை. "எல்லோருக்கும் ஏதாவது பரீட்சை இருக்கும்" என்று சொல்லி, என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம், உள்ளே பட்டாணி வைத்துப் பொரிக்கிற கச்சோரிக்காக அக்காவும் நானும் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அங்கே மார்கழி, தை என்றால் வீட்டுக்கு வீடு பட்டாணிதான். அக்கா தலை நிமிராமல் கேட்டாள். "ஏல, புதன்கிழமை எனக்குக் காய்ச்சல் வாற மாதிரி மருந்து ஏதும் இருக்கா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுலே."

"வங்காளமா? அது எதுக்குக்கா, நம்ம புத்தகம் எல்லாம் தமிழ்தான?"

"தமிழுந்தான். எதுவுந்தான்."

என் கையிலிருந்த பட்டாணி தட்டுக்கு வெளியே விழுந்து உருண்டது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். இரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை நிறுத்திப் பீடி சுற்ற உட்காரவைத்துவிட்டார்கள். அதோடு சரி. "இங்க உள்ளவுக, பௌதிக்குத் தமிழ் மட்டுந்தான் எழுத வாசிக்கத் தெரியும்னு நெனைக்காவ. நம்ம ஆளுக, இவ வங்காளத்துல ஊறிட்டா, தமிழெல்லாம் மறந்திருக்கும்னு நெனைக்காவ. நானா ஒரு பொய்யும் சொல்லல. அவுகளா நெனச்சிக்கிட்டாவ. நான் நடுவுல ஒளிஞ்சிக்கிட்டேன்."

"அப்ப நான் எழுதின கடுதாசியெல்லாம்?"

"அத்தான்தான் வாசிச்சுக் காட்டுவாவ."

"அத்தானை மகா கஞ்சன்னு எழுதியிருந்தேனே?"

"அதையும் அவுகதான் வாசிச்சாவ. ரெண்டு தடவ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முகத்தைப் பார்த்தே புத்தகம் சொல்லுகிற மகா மேதாவி, கூடப்பிறந்தவள் மாதிரி வளர்ந்தவளின் முகத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

"பொறுப்பு வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா?"

"முப்பது பேர் முன்னால செயலாளர் சார் கேட்டாரு. மாட்டேன்னா ஏன்னு கேப்பாவ. அதுவும் போக..." கொஞ்சம் தயங்கினாள். "புத்தகம் பக்கத்துலயே கெடந்தா, என்னைக்காவது கத்துக்கிட மாட்டமான்னு ஒரு ஆசைதான்."

இனிமேல் அந்த ஊரில் அவள் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்றால் புதன்கிழமை அந்த இருபது பெயர்களையும் வாசித்தாக வேண்டும். சந்தைக்கே அண்ணியாக இருப்பவளை முப்பது பேர் முன்னால் வாயடைத்து நிற்க விட முடியுமா? பெட்டியைத் திறந்து அரிச்சுவடியை எடுத்தேன். முதல் பக்கத்தில் அணில். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். "முப்பது வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். எனக்கு அணில் தெரியாதாலே?" என்று புத்தகத்தை மூடி என் மடியில் போட்டாள். கோபம் அவள்மேல் வரவில்லை. எல்லா வயதுக்கும் புத்தகம் என்று கூவி விற்றவன் நான். நாற்பத்தேழு வயதில் முதல் எழுத்தைத் தொடுகிறவளை அவமானப்படுத்தாத புத்தகம் என் பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது பெருமைப்படுகிற காரியம் இல்லை. இருபது புத்தகங்களையும் வரிசையாக அடுக்கினேன். சிவப்பு அட்டை அகராதி, பச்சை அட்டை விடுகதை, யானை படம் போட்டது சிறுவர் கதை என்று நிறத்தையும் படத்தையும் வைத்துப் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னேன். ஒரே மணி நேரம். முன்னாலிருந்தும் சொன்னாள், பின்னாலிருந்தும் சொன்னாள், நடுவில் ஒன்றை உருவிக் காட்டினாலும் சொன்னாள். இப்படிப்பட்ட மூளையைப் பீடி சுற்ற வைத்தவர்களை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

"களவு மாதிரி இருக்குலே" என்றாள்.

"புதன்கிழமை தாண்டட்டும்க்கா. பெறவு நிதானமாப் படிச்சிக்கிடலாம்."

"முப்பது வருசமா நானும் அதத்தான் சொல்லுதேன்" என்றாள்.

புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்தால், பெட்டிகள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு காலியாகக் கிடந்தன. அத்தான் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். "பக்கத்து வீட்டுப் புள்ளைக வந்து, புத்தகமெல்லாம் பூசையில வைக்கணும்னு கேட்டுதுக மாப்ள. நல்ல காரியந்தானன்னு அள்ளிக் குடுத்துட்டேன்."

தலை துவட்டின துண்டோடு ஓடினேன். தெருக்கோடியில் மூங்கிலும் மஞ்சள் துணியுமாகப் பந்தல். வெள்ளை அன்னத்தின் மேல் சரஸ்வதி. காலடியில் பள்ளிக்கூடத்துப் புத்தகங்களின் மலை. அதில் முக்கால்வாசி கணக்குப் புத்தகம். அந்தப் பிள்ளைகளின் கவலை எனக்குப் புரிந்தது. அதற்குப் பக்கத்தில் என் திருநெல்வேலிச் சரக்கு அத்தனையும். அகராதியின் மேல் சாமந்திப் பூ. கையை நீட்டினேன். மஞ்சள் சேலை கட்டிய மீனு பாய்ந்து வந்து தடுத்தார். அவர் சொன்னதைப் பின்னாலேயே வந்த அத்தான் மொழிபெயர்த்தார்.

"இன்றைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது. ஒரு வரி வாசிக்கக் கூடாது. நாளைக் காலைப் பூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரிலும் இதே கதைதானே! புரட்டாசியில் புத்தகத்தைப் பூஜையில் அடுக்கிவிட்டு, மறுநாள் வரைக்கும் தொடாமல் இருந்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள்! தை மாதத்தில் வந்ததனால், சரஸ்வதியைச் சரஸ்வதி என்றே நாங்கள் இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

துரைசாமி சார் பட்டு வேட்டியில், புத்தகங்களைத் தேடிக்கொண்டு, சிறப்பு விருந்தினரோடும் முப்பது பேரோடும் வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் கையை வைத்தார். "ஏனுங்க, லைப்ரரி தொறக்கறன்னிக்குப் புஸ்தகத்தத் தொடப்படாதுங்களா? நாடா வேற வாங்கிப்போட்டேனுங்களே!"

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். வாசிக்கக் கூடாது என்று சாமியே சொல்லிவிட்டாள். பந்தலில் நின்ற அக்காவிடம் போய்க் கிசுகிசுத்தேன். "தப்பிச்சாச்சுக்கா! இனி நாளைக்குத்தான். நாளைக்கு யாருக்கு லீவு? ஒருத்தரும் வரமாட்டாவ."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பந்தலின் ஓரத்தில் மூன்று வயது, நாலு வயதுப் பொடிசுகள் மஞ்சள் உடுப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பூசாரி ஒவ்வொன்றாக மடியில் இருத்தி, சிலேட்டில் கைபிடித்து எழுதவைத்துக்கொண்டிருந்தார். நாம் விஜயதசமிக்கு நெல்லில் எழுதுகிற அதே சடங்குதான்.

"மீனு, இன்னைக்கு வாசிக்கக் கூடாதுன்ன. இதுக எழுதுதுகளே?" என்று அக்கா வங்காளத்தில் கேட்டாள். பிறகு அத்தான்தான் எனக்கு இதையெல்லாம் சொன்னார்.

"வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் விடுமுறை. ஒரு எழுத்தும் தெரியாதவர்கள் தொடங்குகிற நாளே இன்றைக்குத்தான்."

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். நேராகப் போய் அந்த வரிசையின் கடைசியில், ஒரு மூக்கொழுகும் பையனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தப்பித்தவள் இப்படித் தானாகப் போய் உட்காருவாள் என்று யார் கண்டது?

பூசாரி கேட்டார். "பௌதி, குழந்தை எங்கே?"

"நான்தான்."

கூட்டம் சிரித்தது. நம் ஆட்கள்தான் உரக்கச் சிரித்தார்கள். துரைசாமி சார், "அக்காவுக்கு எப்பவுமே தமாஷ்தானுங்க" என்றார்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். "தமாஷ் இல்ல சார். எனக்கு எந்த எழுத்தும் தெரியாது. தமிழும் தெரியாது, வங்காளமும் தெரியாது. உங்கக்கிட்ட மறைச்சிட்டேன்." அதையே வங்காளத்திலும் ஒரு தரம் சொன்னாள். முகத்தைக் கீழே போடவில்லை. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூசாரி சிலேட்டை எடுத்தார், தயங்கினார். "எந்த எழுத்து?"

"என் எழுத்து. தமிழ்."

பூசாரிக்குத் தமிழ் தெரியாது. ஆகவே நான் போய் உட்கார்ந்தேன். அ என்று தொடங்கப் போனேன். "அது கெடக்கட்டும், எம்பேரைப் போடுலே" என்றாள். அவள் கையைப் பிடித்து எழுதினேன். கடுகெண்ணெயும் மீனும் பார்த்து உரமேறின கை. எழுத்து கோணல்மாணலாக வந்தது. "சரி, இனி விடு" என்று கையை உருவிக்கொண்டு, அழித்துவிட்டுத் தானே எழுதினாள். அழித்தாள், எழுதினாள்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. துரைசாமி சாரின் பத்து வயது மகள் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். "மாமா, எனக்கும் தமிழ் ரைட்டிங் வராது. அப்பாட்ட சொல்லல." அவளுக்குப் பின்னால், மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவிலேயே இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த, கழுத்தில் டை கட்டிய ஒருவர். இங்கிலீஷும் வங்காளமும் வெளுத்து வாங்குவார், தமிழ் எழுத்துத் தெரியாது. கூச்சத்தோடு ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள். வரிசை அதோடு நிற்கவில்லை. நூலகம் திறக்க வந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் அந்தப் புத்தகங்களை வாசிக்கத் தெரியாதவர்கள்! துரைசாமி சார் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ரெண்டு பிள்ளைகளுக்கு நான் போட்டுடறேனுங்க" என்றார்.

பகல் வரைக்கும் எழுதினோம். கிச்சடியும் இலந்தைப்பழச் சட்டினியும் பரிமாறத் தொடங்கியும் அக்கா மட்டும் தூணோரம் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தாள். மீனு இரண்டு தட்டுகளோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபது வருடம் மறைத்துவிட்டாயே என்று சண்டை பிடிப்பாரோ என்று நான் பயந்தேன். அவர் சிலேட்டை எட்டிப் பார்த்தார். வட்டமும் வளைவுமாக இருந்ததில் ஒன்றும் விளங்கவில்லை.

"பௌதி, எனக்கு இது தெரியாதே. என்ன எழுதியிருக்கிறது?"

அக்கா எழுத்துகளுக்கு அடியில் விரலை வைத்தாள். ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

"பே... ச்... சி" என்று வாசித்தாள்.